ஒரே இருக்கை, இரண்டு டிரம்மர்கள்

1972-ல் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஒலிப்பதிவு முடிந்த கையோடு டிரம்மர் பில் புரூஃபோர்டு யெஸ் என்ற ஆங்கில ராக் குழுவை விட்டுப் போனார். குழு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு வரிக்கும் நடந்த வாக்குவாதம் அவருக்கு அலுத்திருந்தது. இன்னொரு ராக் குழுவான கிங் கிரிம்சன் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். அந்த இடத்துக்கு வந்த ஆலன் ஒயிட், அதற்கு முன்பே ஜான் லெனனின் ‘இமாஜின்’ ஆல்பத்தில் வாசித்தவர். அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குச் சில நாட்களே மிச்சம். பதினெட்டு நிமிடப் பாட்டு உட்பட அத்தனையையும் அதற்குள் அவர் கைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இருவரில் யார் உசத்தி என்ற சண்டைக்குள் இறங்குமுன் 1973-ல் வந்த ‘யெஸ்சாங்ஸ்’ லைவ் ஆல்பத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒயிட்தான், ‘பெர்பெச்சுவல் சேஞ்ச்’ மாதிரி சிலவற்றில் மட்டும் புரூஃபோர்டு. அவருடைய ஸ்னேர், அதாவது செட்டின் நடுவிலுள்ள சின்ன டிரம், வெண்கலக் கும்பாவைத் தட்டினாற்போல் கணீரென்று தனித்துக் கேட்கும். சமத்தில் விழுமென்று நாம் காத்திருக்கும் அடி அரை இடம் தள்ளி விழும். ஒயிட் அந்த வம்புக்கே போகமாட்டார். அடி கனமானது, நேரானது. மற்ற நால்வரும் அதன்மேல் தைரியமாக ஏறி நிற்கலாம். நுணுக்கம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம், 1974-ன் ‘சவுண்ட் சேஸர்’ ஒன்றே போதும். ஆனால் 1983-ல் வந்த ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் வரை போனதற்கு அந்த நேர் அடியும் ஒரு காரணம். புரூஃபோர்டு அதை வாசித்திருந்தால் எங்காவது கோணலாக்கியிருப்பார்!

என் ஓட்டு புரூஃபோர்டுக்குத்தான், அதுவும் வாசிக்காமல் விட்ட ஒன்றுக்காக. கிங் கிரிம்சனின் ‘டிரையோ’ மேடையில் அப்போதைக்கப்போது உருவான இசை. குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை ஓர் அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். இசையமைத்தவர்களில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

ஆனால் நானே ஒரு குழு வைத்திருந்தால் ஒயிட்டைத்தான் கூப்பிடுவேன். புரூஃபோர்டு எங்கே நிலைத்தார்? ஜெனிசிஸ் குழுவுடன் 1976-ல் ஒரு சுற்றுப்பயணம், பிறகு யு.கே. என்ற குழு, 1981-ல் மறுபடி கிரிம்சன், 1986-ல் சொந்த ஜாஸ் குழுவான எர்த்வொர்க்ஸ். 1991-ல் யெஸ்ஸின் ‘யூனியன்’ பயணத்தில் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள்: ஒயிட்டிடம் வழக்கமான டிரம்ஸ், புரூஃபோர்டிடம் எலெக்ட்ரானிக் பேடுகள். கூட்டம் வந்தது. இசை எனக்கு ஒட்டவில்லை.

புரூஃபோர்டு 2009-ல் மேடையை விட்டார், 2016-ல் சர்ரே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், எழுபதைத் தாண்டியபின் சின்ன ஜாஸ் மேடைகளுக்குத் திரும்பி வந்தார். ஒயிட் யெஸ்ஸை விட்டு நகரவே இல்லை. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் உடல்நிலையால் கலந்துகொள்ள முடியாது என்று 2022 மே மாதம் அறிவிப்பு வந்தது. சில நாட்களில், மே 26 அன்று, காலமானார்.