சக்கிமுக்கிக் கல்லா, கேப்பா?

குழாயின் வாய்வழியே கரிமருந்து இட்டு ஒவ்வொரு குண்டாகச் சுடும் பழைய பாணித் துப்பாக்கியில் ஆசை வைத்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தயங்காமல் சொல்வேன்: கேப்புத் துப்பாக்கியில், அதாவது அடிபட்டதும் வெடிக்கும் சிறு செப்பு மூடியால் மருந்தைப் பற்றவைக்கும் வகையில், தொடங்குங்கள்.

கல் துப்பாக்கியின் அழகே தனி. 1838 டிசம்பர் 16 அன்று இரத்த ஆற்றங்கரைப் போரில் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) சுட்டது பெரும்பாலும் அந்த வகையால்தான். விசையை இழுத்ததும் கல் எஃகில் உரசும். பொறி சிறு கிண்ணத்து மருந்தில் விழும். கன்னத்தருகே புஸ்ஸென்று புகை கிளம்பும். அதன் பிறகே குழாய் முழங்கும். அந்த இமைப்பொழுதில் புதியவரின் கை ஆடிவிடுகிறது. டர்பன் கோடையின் ஈரக்காற்றில் கிண்ணத்து மருந்து நமுத்தும் போகிறது. மாற்று மருந்துகள் அதில் எளிதில் பற்றுவதில்லை. அசல் கரிமருந்தே வேண்டும்.

கேப்பு வகையில் செப்புக் கேப்பைக் குழாயின் பின்புறமுள்ள சிறு முளையில் அழுத்திப் பொருத்தினால் போதும், விசையை இழுத்ததும் உடனே வெடிக்கும். கேப்பு தீர்ந்தால் மட்டும் அன்றைய ஆட்டம் முடிந்தது.

சுத்தம் செய்வதில் இரண்டும் ஒன்றே: அன்றே வெந்நீரும் சோப்பும், பிறகு எண்ணெய். ஒருமுறை மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். குழாய்க்குள் செந்துரு படர்ந்ததைக் கண்டு மனம் நொந்துபோனேன்.

தென்னாப்பிரிக்காவில் இரண்டுக்கும் உரிமம் வேண்டாம். ஆனால் துப்பாக்கியைக் கையாளத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். எதுவானாலும், வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது குழாயை இலக்கை நோக்கியே பிடித்திருங்கள்.