பழகிய பெயரில் வந்த போலி வைஃபை

கடந்த மாதம் திருச்சியில் ஒரு விடுதியில் தங்கினேன். முன்பே ஒருமுறை தங்கிய இடம்தான். கடவுச்சொல் இல்லாத அவர்களுடைய வைஃபையை என் மடிக்கணினி நினைவில் வைத்திருந்தது. இம்முறை கணினியைத் திறந்ததும், நான் எதையும் தொடாமலேயே அது இணைந்துகொண்டது. உடனே விடுதியின் பெயரோடு ஒரு பக்கம் வந்தது. அறை எண், மின்னஞ்சல் முகவரி, அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மூன்றையும் கேட்டது. போனமுறை இப்படிக் கேட்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தும் அவசரத்தில் நிரப்பிவிட்டேன்.

விடிவதற்குள் என் மின்னஞ்சலிலிருந்து உறவினர் பலருக்கும், நான் மருத்துவமனையில் இருப்பதாகவும் பணம் வேண்டும் என்றும் செய்தி போயிருந்தது. ஓய்வூதியத்தில் வாழும் என் சித்தி 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

வரவேற்பறையில் கேட்டேன். "ரௌட்டர் பழுதாகி இரண்டு நாளாயிற்று சார், வைஃபையே இல்லை" என்றார்கள். அதற்கு முந்தைய வாரமும் ஒருவர் இதே புகாரோடு வந்தாராம். அதை மேலாளரே சொன்னார். வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் என் சித்தியின் பணம் தப்பியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம். பக்கத்து அறையில் ஒரு கைபேசி போதும். கடவுச்சொல் இல்லாத இணைப்பைக் கணினி பெயரை வைத்தே நம்பிவிடுகிறது. கடவுச்சொல் உள்ள இணைப்பில், எதிர்முனைக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தால்தான் இணைப்பு நிறைவேறும். ஆனால் அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் மோசடிக்காரனுக்கும் தெரியுமே! 2024-இல் ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களில் போலி வைஃபை அமைத்ததாக ஒருவர்மீது காவல்துறை வழக்குத் தொடுத்தது. அங்கும் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு விவரங்களைக் கேட்கும் போலிப் பக்கம்தான் வந்ததாம்.

தயவுசெய்து இன்றே உங்கள் கணினியில் சேமித்த வைஃபை பட்டியலைத் திறந்து, கடவுச்சொல் இல்லாதவற்றை அழித்துவிடுங்கள். வெளியிடங்களில் தானாக இணையும் வசதியை நிறுத்திவையுங்கள். வைஃபை தருவதற்கு உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் எவருக்கும் தேவையில்லை. கேட்டால் அந்தக் கணமே துண்டியுங்கள். வெளியூரில் நான் இப்போது என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். சித்திக்கு அது தெரியாது. நாங்கள் புகார் கொடுத்தபோது ஒரு நாள் கடந்திருந்தது. பணம் இன்னும் திரும்பவில்லை.