பனையோலை விளக்குப் பெட்டி: இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கான கைவினைப் பொருள் குறித்த மதிப்பீடு

இராமேசுவரத்தில் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட கைவினைப் பெட்டி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். விளக்குக்கூடு பின்னுவதற்குச் சாயமேற்றிய குருத்தோலைக் கீற்றுகள், கூட்டினுள் வைக்கச் சிறிய எல்இடி விளக்கு, நிழலாட்டத்துக்கு நண்டு, ஆமை, கடற்பசு வடிவில் வெட்டிய கறுப்பு அட்டைகள், இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர்கள் ஆகியவை அதில் இருந்தன. என் மகளுக்கு ஐந்து வயது. மழைக்காலத்தில் காற்று பலமாக அடித்தாலே மின்சாரம் போய்விடும் கடலோரத்தில், சுவரில் எரியும் விடிவிளக்கை மட்டும் நம்பிப் பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது.

பெட்டியில் உண்மையாகவே பயன் தந்தவை நிழல் அட்டைகள்தாம். கற்பனை வேகமாக வளர்ந்து, எது நிஜம் எது நினைப்பு என்று பிரித்தறியும் திறன் இன்னும் உறுதிப்படாத வயதில், சன்னல் வழியே சுவரில் விழும் தென்னங்கீற்றின் நிழல் பிள்ளைக்கு ஒரு உருவமாகவே தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்று நாம் சொல்வது அதன் காதில் ஏறாது. அட்டையை டார்ச்சுக்கு அருகில் கொண்டுபோனால் நண்டு சுவரளவு பெருப்பதையும், சுவரை நோக்கி நகர்த்தினால் சுருங்கித் தெளிவாவதையும் தன் கையாலேயே செய்து பார்த்தபின், சன்னல் நிழலைக் காட்டி "இதுக்கு லைட்டு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டாள். தெருவிளக்கைக் காட்டினேன். (சோறூட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் விடாவிட்டால், இந்த 450 ரூபாய் வீண்.)

ஓலைக்கூடு அழகானது, ஆனால் கீற்றுகளை நீரில் நனைத்துப் பதப்படுத்திய பிறகே பின்ன வேண்டும் என்பதைக் குறிப்புத்தாள் சொல்லாததால், உலர்ந்த ஓலை மடிப்புகளில் பிளந்துவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையால் தனியாகப் பின்ன இயலாது; பெரியவர் பின்ன, பிள்ளை கீற்றெடுத்துக் கொடுக்கலாம். விளக்கின் மஞ்சள் ஒளி நல்ல தேர்வு. நீலம் மிகுந்த வெள்ளொளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கக்கூடியது.

விடியும்வரை ஒளிரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் நட்சத்திரங்கள் அரைமணி நேரத்துக்குள் மங்கிவிடுகின்றன. துத்தநாக சல்பைடு பூச்சு விரைவில் ஒளி இழக்கும், ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு பல மணி நேரம் நிற்கும். இங்கே எது பூசப்பட்டிருக்கிறது என்ற விவரமே இல்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது பேட்டரி. விளக்கு பட்டன் பேட்டரியில் எரிகிறது. அதன் மூடியில் திருகாணி இல்லாததால் நகத்தாலேயே திறந்துவிடலாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்குத் தர முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், மின்விளக்கு வைத்து விற்பவர்கள் மூடிக்கு ஒரு திருகாணியாவது போட்டிருக்க வேண்டும்.

நான் அந்த விளக்கை எடுத்துவிட்டு, கூட்டுக்குள் சிறிய டார்ச்சை நிறுத்திவைத்துப் பயன்படுத்துகிறேன். வீட்டில் கைக்குழந்தையோ தவழும் பிள்ளையோ இருப்பவர்களும் அவ்வாறே செய்வது நல்லது. நிழல் அட்டைகளையும் ஓலையையும் மட்டும் தனியாக 200 ரூபாய்க்குத் தந்தால் தயங்காமல் வாங்கலாம். கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன், இப்போதைக்குப் பிரித்துத் தருவதில்லையாம்.