தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, புதுசு போட்டதாக பில் தருகிறார்கள்: குமரி மாவட்டக் கார்காரர்கள் கவனிக்கவும்

நம் மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வாரண்டி முடிந்து வெளி ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டுகிறவர்கள், ஹீட் ஆகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் "தெர்மோஸ்டாட் (என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) போச்சு" என்ற பதில் கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். புதுசு போட்டதாக ஒரு கடையில் என்னிடம் காசை வாங்கிவிட்டு, வண்டியில் இருந்ததையும் கழற்றி எறிந்து, வெறும் கூட்டை மூடி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி ஹீட் ஆனதற்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதைவிடக் கொடுமை.

வண்டி பத்து வருடத்துக்கு மேலான பெட்ரோல் கார். எனக்கு வீடு திங்கள்சந்தை பக்கம், வேலை மார்த்தாண்டத்தில். பாலத்தில் ஏறாமல் கீழே மார்க்கெட் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் அங்கே வண்டி நகர்வதே இல்லை. அப்படி ஏசி போட்டு நிற்கும்போது ஹீட் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறும், ஏசியும் சூட்டுக் காற்றாக அடிக்கும். பம்மம் தாண்டி வண்டி ஓட ஆரம்பித்தால் முள் தானாக இறங்கிவிடும், ஏசியும் குளிர ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் சொன்னேன். நிற்கும்போது சூடு, ஓடும்போது சரி என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் ஃபேன். வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் ஃபேன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை ஒரு அமுக்கு அமுக்கினார். "தெர்மோஸ்டாட் ஒட்டிப் போச்சு சாரே, புதுசு போடணும், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். ஏசி ஏன் குளிரவில்லை என்று கேட்டதற்கு, "கேஸ் குறஞ்சிருக்கும், அது பின்னே பாக்கலாம்."

பில் இது: தெர்மோஸ்டாட் 1,150 ரூபாய், கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) 3 லிட்டர் 900, லேபர் 800, மொத்தம் 2,850. ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாத துண்டுச் சீட்டுதான், ஆனால் கடை சீல் இருந்தது, தேதி இருந்தது. பழைய சாமானைக் கேட்டேன். "அது அப்பமே ஆக்கருக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போயாச்சு" என்றார்.

வண்டியை எடுத்து ஓட்டினால் முள் பாதிக்குக்கூட வரவில்லை. நல்லாத்தான் செய்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றும். இந்த ஏமாற்று விலைபோவதே இதனால்தான்.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு வால்வு. உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும், அதனால் என்ஜின் சீக்கிரம் சூடாகும். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று ஒரு எண் பொறித்திருக்கும். தண்ணீர் அந்த டிகிரியைத் தொட்டதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும், 95-100 டிகிரி பக்கம் வரும்போது முழுதாகத் திறந்துவிடும். இதைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் முழுக்க ரேடியேட்டர் வழியாக ஓடும். முள் கீழேயே கிடக்கும். டெஸ்ட் டிரைவ் ஒரு ரவுண்டு போய்வந்தால் கஸ்டமருக்குத் திருப்தி. ஆனால் நெரிசலில் ஃபேன் சுற்றாமல் நின்றால், ரேடியேட்டரில் காற்றே படாதபோது, தண்ணீர் எவ்வளவு ஓடி என்ன பிரயோஜனம்? சூடு ஏறத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக ஏறும், அவ்வளவுதான். அதற்குள் நீங்கள் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள்.

எனக்கும் அப்படியே ஆனது. ஆனால் ஹீட் திரும்ப வருவதற்கு முன்னாலேயே வேறு கோளாறுகள் தலைகாட்டின. லிட்டருக்குப் பதினேழு கிடைத்துக்கொண்டிருந்த மைலேஜ் பதிமூன்று பக்கம் வந்து நின்றது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் பழுப்பில் ஒரு பசை. அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கிற அடைப்பு) போய்விட்டதோ என்று பயந்தே போனேன். திருநெல்வேலிக்கு ஒரு வேலையாகப் போனபோது ஆரல்வாய்மொழி தாண்டி காற்றாலைகள் நிற்கிற அந்த நீட்டத்தில், மழைக்காலக் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளுகிற இடத்தில், முள் இன்னும் இறங்கி அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நல்ல வேகத்தில் ஓடும் வண்டிக்கு முள் அப்படி இறங்கக் கூடாது. போகிற வழியிலேயே என்ஜின் லைட்டும் எரிந்தது.

இதெல்லாம் ஒரே காரணத்தின் பிள்ளைகள்தான். இப்போதைய பெட்ரோல் வண்டியில் என்ஜின் எவ்வளவு சூடு என்பதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. என்ஜின் சூடே ஆகாவிட்டால், இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலோடு கலக்கும். ஆயில் சரியான சூட்டுக்கு வந்தால்தான் அதில் சேர்கிற ஈரம் ஆவியாகி வெளியேறும், இல்லாவிட்டால் அந்த ஈரமே ஆயிலோடு கலந்து பசையாகும். அதுதான் மூடிக்கு அடியில் நான் பார்த்தது. இப்படியே வருடக்கணக்கில் ஓட்டினால் உள்ளே தேய்மானம்தான்.

அப்புறம் ஒருநாள் கோட்டார் கடைவீதியில் மாட்டிக்கொண்டபோது முள் மறுபடியும் ஏறியது. ஓரமாக நிறுத்தி, தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரை போனில் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "ஏசிய போட்டா ஃபேன் சுத்துதா?" என்பதுதான். இறங்கிப் போய்ப் பார்த்தால் ஃபேன் அசையவே இல்லை. மெதுவாக அவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து, ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் சொருகினார். ஏசியைப் போட்டதும் ஃபேன் சர்ரென்று சுற்றியது. பிடுங்கிய ரிலேயை உடைத்துக் காட்டினார், உள்ளே காண்டாக்ட் கருகிப் போயிருந்தது. புது ரிலே 250 ரூபாய். ஏசிக்குக் கேஸும் குறையவில்லை ஒன்றும் குறையவில்லை, ஏசியின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒரே ஃபேனை நம்பித்தான் இருக்கின்றன, ஃபேன் சுற்றியதும் நின்ற இடத்திலேயே குளிர ஆரம்பித்துவிட்டது.

"ஹீட்டுக்கு இதுதான் காரணம். அப்போ மைலேஜ் ஏன் குறைஞ்சுது?" என்று அவரே சந்தேகப்பட்டு ஸ்கேனரை மாட்டினார். பி0128 என்று வந்தது. தெர்மோஸ்டாட் நிறுத்த வேண்டிய சூட்டுக்கு என்ஜின் வரவில்லை என்பது அந்தக் கோடுக்கு அர்த்தம். போன மாதம்தான் புதுசு போட்டேன் என்று பில்லைக் காட்டினேன். வண்டி ஆறியதும் அவரும் பக்கத்து மெக்கானிக்கும் சேர்ந்து ஹவுசிங்கின், அதாவது தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டின், இரண்டு போல்ட்டையும் கழற்றினார்கள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட் உட்கார வேண்டிய பள்ளத்தைச் சுற்றி சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி ஒட்டியிருக்கிறார்கள், கேஸ்கட்கூடப் புதுசு இல்லை. வெளியே வந்த தண்ணீர் லேசான பச்சை நிறத்தில், ஓரத்தில் துருவோடு இருந்தது. 3 லிட்டர் கூலன்ட் என்று எழுதிவிட்டு பேருக்குக் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பு படிந்து ரேடியேட்டரின் சின்னக் குழாய்கள் அடைத்தால் அடுத்த செலவு அதற்கு.

திரும்ப அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வீடியோவைப் பார்த்தும் ஆளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. "சாரே, நமக்க ஊரு சூட்டுக்கு அந்த சாமானே வேண்டாம். அது குளிரு நாட்டுக்காரனுக்கு உள்ளது. நான் எல்லா வண்டியிலயும் எடுத்துத்தான் விடுவேன், ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் சொன்னதில்ல."

"வேண்டாம்னா சரி, பில்லுல 1,150 எதுக்குப் போட்டீங்க?"

"அது பையன் எழுதினது. தெரியாம எழுதியிருப்பான்."

கடைசியில் 1,000 ரூபாயை நீட்டி, கணக்கு தீர்ந்தது என்றார். நான் வாங்கவில்லை.

அவர் சொன்ன அந்த "நம்ம ஊருக்குத் தேவையில்லை" என்பதை வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அம்பாசிடர், பழைய ஜீப் காலத்துப் பழக்கம் அது. அந்த வண்டிகளில் இருந்தது கார்புரேட்டர், சென்சார் எதுவும் கிடையாது, கழற்றிவிட்டாலும் எப்படியோ ஓடின. இன்றைய என்ஜினுக்கு அந்தக் கணக்கு ஆகாது. வெளியே 34 டிகிரியோ 24 டிகிரியோ, என்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி பக்கம். இன்னொன்று, சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு உண்டு. மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது அந்தத் தட்டு கீழே பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்புகிற வழியை, அடைக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும், முன்பைவிட அதிகமாகவே ஹீட் ஆகும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி சூட்டை விட நேரமில்லாமல் போகும் என்று சிலர் சொல்லும் விளக்கம் சரியில்லை.

தெர்மோஸ்டாட் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. மூடியபடி ஒட்டிக்கொண்டால் நெரிசல், ஹைவே என்ற பேதமில்லாமல் வண்டி ஹீட் ஆகும். முள் மேலே ஏறியிருக்கும், ஆனால் ரேடியேட்டரும் கீழ் ஹோஸும் தொட்டால் சில்லென்றே இருக்கும். தொடுவதற்கு முன் என்ஜினை அணைத்துவிடுங்கள், ஃபேன் திடீரென்று சுற்றும். திறந்தபடி ஒட்டிக்கொண்டால் எனக்கு ஆன மாதிரி முள் ஏறவே ஏறாது. முள் இல்லாமல் லைட் மட்டும் உள்ள வண்டிகளில் குளிர் என்று காட்டுகிற நீல லைட் ரொம்ப நேரம் அணையாமல் எரிந்தால் அதே சந்தேகம் வரவேண்டும். கழற்றிய தெர்மோஸ்டாட் கெட்டதுதானா என்று பார்க்க ஒர்க்‌ஷாப்பிலேயே முடியும்: ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்தால் நம் கண் முன்னாலேயே திறக்கும், இறக்கி ஆறவிட்டால் மூடும். கொதிக்கிற தண்ணீரிலும் திறக்காவிட்டால் தாராளமாக மாற்றலாம். இதைச் செய்துகாட்ட மறுக்கிற இடத்தில் காசு கொடுக்காதீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே எங்கோ மாட்டிக்கொண்டு, ஒட்டிப்போனதைக் கழற்றிவிட்டு ஊர் வந்து சேர்வது வேறு விஷயம், அது தப்பே இல்லை, வந்ததும் புதுசு போட வேண்டும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஊதுகிற விசையையும் கூட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜினிலிருந்து கொஞ்சம் சூடு வெளியேறும், ஓரம் பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும். நிறைய வண்டிகளில் ஒரு நல்ல தூரம்வரை சூட்டில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், அதனால் நடுவைத் தாண்டிவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே மோசம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். மூடியில் 0.9, 1.1 என்று இருப்பது பார் அளவில் அது தாங்குகிற அழுத்தம், குக்கர் வெயிட் மாதிரி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி பக்கம்தான் கொதிக்கும், மூடியை எடுத்த கணம் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எனக்கு இப்போது கம்பெனி ஸ்பேரே வாங்கி 88 டிகிரி தெர்மோஸ்டாட், சரியான கூலன்ட் எல்லாம் போட்டு, உள்ளே மாட்டிய காற்றையும் (ஏர் லாக்) எடுத்துவிட்டாயிற்று. முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, மார்த்தாண்டம் மார்க்கெட்டில் நின்றாலும் அங்கேயேதான் நிற்கிறது.

பணத்தை விடுவதாக இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன், அடுத்ததாக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். துண்டுச் சீட்டு பில்லாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு அந்தச் சீட்டும், ஹவுசிங் திறந்த வீடியோவும், ஸ்கேனர் படமும்தான் ஆதாரம். கடை எது என்று கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், புகார் முடியும்வரை பெயரைப் பொதுவில் போட மாட்டேன். சமீபத்தில் எங்காவது தெர்மோஸ்டாட் மாற்றி, அதற்கப்புறம் முள் வழக்கத்தைவிடக் கீழே கிடக்கிறது, மைலேஜும் இறங்கிவிட்டது என்றால், வண்டி ஆறியபின் ஹவுசிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான வண்டியில் அது சின்ன வேலைதான்.