மில்ஃபோர்ட் சவுண்ட்: மழை பேஞ்சா டிக்கெட்டை கேன்சல் பண்ணிடாதீங்க

மில்ஃபோர்ட் சவுண்ட்ல போட்ல போறதுக்கு முதல் நாள் ராத்திரி, அங்க போற வழியில இருக்கற தே அனாவ்ங்கற ஊர்ல ரூம்ல உக்காந்து வெதர் ஆப்பைப் பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு. எத்தனை மாசம் முன்னாடி புக் பண்ணி, அம்மாவையும் கூட்டிட்டு நியூசிலாந்து வரைக்கும் வந்து, சரியா அன்னைக்குன்னு பாத்து நாள் பூரா கனமழைன்னு காட்டுது. வீட்டுக்காரர் டிக்கெட்டை மாத்தலாம்னாரு, ரூம் விட்டவங்ககிட்ட கேட்டா அவங்க "மழைன்னா கண்டிப்பா போங்க, விட்றாதீங்க"ன்னு சொன்னாங்க. சரின்னு மழையில போனோம், அப்புறம் மனசு கேக்காம மறுநாள் வெயில்லயும் இன்னொரு தடவை போனோம். ரெண்டையும் பாத்தவ சொல்றேன், மழை நாள்தான்.

பேருதான் சவுண்டு, ஆனா இது ஃபியோர்டு. ஆத்துப் பள்ளத்தாக்குல கடல் ஏறினா சவுண்டு, பனியாறு மலையை அறுத்துட்டுப் போன பள்ளத்துல கடல் உள்ள வந்தா ஃபியோர்டு. இது பனியாறு அறுத்தது, அதனாலதான் ரெண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நேரா தண்ணிக்குள்ள இறங்குது, கரைன்னு ஒண்ணு அனேகமா கிடையாது. நியூசிலாந்து பூர்வகுடிங்களான மாவோரி மக்கள் வச்ச பேரு பியோபியோதாஹி, தனியா ஒரு பியோபியோ பறவைன்னு அர்த்தம், அந்தப் பறவை இப்ப உலகத்துலயே இல்ல. 1770ல கேப்டன் குக் கப்பல்ல இந்தக் கரையோரமாவே போயும் இப்படி ஒரு இடம் உள்ள இருக்குன்னு அவருக்குத் தெரியல, வாசல் அவ்ளோ மறைவா இருக்கு.

தே அனாவ்லேர்ந்து சுமார் 120 கிலோமீட்டர். அந்த ரோடே பாதி டிக்கெட் காசு பெறும். நடுவுல ஹோமர் டனல்னு 1.2 கிலோமீட்டர் சுரங்கம், 1935ல அஞ்சு பேரு கடப்பாரை மண்வெட்டியோட ஆரம்பிச்சது, பனிச்சரிவுல ஆளுங்க செத்து, நடுவுல போர் வந்து நின்னு, 1950கள்லதான் வண்டி போக ஆரம்பிச்சுதாம். உள்ள பாறையை வெட்டினபடியே விட்டிருக்காங்க, தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, ரோடு சறுக்கலா கீழ இறங்குது, அந்தப் பக்கம் வெளிய வந்தோம் பாருங்க, மலை முழுக்க வெள்ளை வெள்ளையா கோடு. அம்மா பனின்னு நினைச்சாங்க. அத்தனையும் அருவி! நான் எண்ண ஆரம்பிச்சு நாப்பதோட விட்டுட்டேன்.

காரணம் எளிசுதான். அங்க வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, ஆனா மலை எல்லாம் கெட்டிப் பாறை, தண்ணியைப் பிடிச்சு வைக்க மண்ணே இல்ல, பேஞ்ச மழை அப்படியே விளிம்புலேர்ந்து விழுது. மழை நின்னா சில மணி நேரத்துல பெரும்பாலான அருவி காணாமப் போயிடும். எப்பவும் இருக்கிற பெரிய அருவி ரெண்டே ரெண்டு, போவன், ஸ்டர்லிங், ரெண்டும் 150 மீட்டருக்கு மேல.

ஸ்டர்லிங் அருவிக்கு அடியில போட்டோட மூக்கைக் கொண்டுபோய் விடுறாங்க. அதுக்கு முன்னாடி வேலை செய்யற பையன் ஒருத்தன் டிரேயில கண்ணாடி டம்ளரா அடுக்கி முன் தளத்துல வச்சான், எதுக்குன்னு புரியல, அருவிக்குள்ள போயிட்டு வெளிய வந்தா எல்லா டம்ளர்லயும் தண்ணி. ஆளுக்கு ஒண்ணு குடிச்சோம், பல்லு கூசுற குளிர்ச்சி. அந்த சாரல் மூஞ்சியில அடிக்கிறப்ப சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறது கேக்காது, அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டே நின்னாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டேன்னுட்டாங்க. இன்னொண்ணு, காத்து பலமா அடிக்கிறப்ப சின்ன அருவிங்க கீழ வந்து சேராது, பாதியில காத்து அதைத் தூக்கி மேல புகை மாதிரி ஊதிவிட்டுடுது. இந்தக் காட்சி வெயில் நாள்ல கிடைக்கவே கிடைக்காது.

தண்ணியைக் குனிஞ்சு பாருங்க, டிக்காஷன் நிறம். காட்டு இலைதழை சாறு மழைத்தண்ணியில இறங்கி, அந்த நல்ல தண்ணி கனம் கம்மிங்கறதால உப்புத் தண்ணி மேல தனி அடுக்கா மிதக்குது. அது வெளிச்சத்தை மறைச்சுடறதால ரொம்ப ஆழத்துல இருக்க வேண்டிய கருப்புப் பவளம் இங்க சில மீட்டர் ஆழத்துலயே வளருதாம், உயிரோட இருக்கறப்ப அது வெள்ளையாத்தான் இருக்குமாம். பாறையில நீளமா சொரண்டின மாதிரி தழும்பு தெரியும், அது மரச்சரிவு. மண் இல்லாததால பாசியிலயும் ஒண்ணோட ஒண்ணு வேரைப் பின்னிக்கிட்டும்தான் மரமெல்லாம் நிக்குது, மழையில கனம் தாங்காம மேல ஒண்ணு விழுந்தா கீழ இருக்கற வரிசையையே இழுத்துட்டுப் போயிடும்.

மறுநாள் வெயில். மைட்டர் பீக்ங்கற மலை முழுசா தெரிஞ்சுது, 1,690 மீட்டருக்குப் பக்கம், கடல்லேர்ந்து நேரா எழும்புது, போட்டோ எல்லாம் அன்னைக்கு எடுத்ததுதான் நல்லா இருக்கு. பாறையில சீல் கூட்டம் படுத்து காயுது. அழகுதான், இல்லங்கல. ஆனா முதல் நாள் நூத்துக்கணக்குல அருவி பாத்த சுவரெல்லாம் வெறும் ஈரப் பாறையா நின்னப்ப எனக்கு என்னமோ வீட்டுல விசேஷம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போன மாதிரி இருந்துச்சு.

குறைன்னா, நாங்க முதல் நாள் போன போட்ல விளக்கம் சொல்ற ஸ்பீக்கர் உள்ளதான் கேட்டுச்சு, வெளிய தளத்துல ஒரு வார்த்தை புரியல, யாரு உள்ள உக்காருவா சொல்லுங்க? மறுநாள் போனது சின்ன போட், வழி காட்டுறவரு நம்ம பக்கத்துலயே நின்னு பேசினாரு, ரெண்டாவது கம்பெனிக்குத்தான் என் ஓட்டு. அப்புறம் மணல் ஈ. ஓடுற போட்ல இல்ல, கரையில நின்னா மொய்ச்சுடும், கடிச்ச இடம் ஒரு வாரம் அரிச்சுது. டூ-தே-ராக்கி-ஃபானோவாங்கற கடவுள் இந்த ஃபியோர்டை செதுக்கி முடிச்சதும், இவ்ளோ அழகைப் பாத்து மனுஷங்க இங்கயே தங்கிடுவாங்கன்னு சாவுக்கான பெண் தெய்வம் ஹினே-நுயி-தே-போ இந்த ஈயை அவுத்து விட்டாங்கன்னு மாவோரி கதை. மருந்து தடவிட்டே இறங்குங்க.

குவீன்ஸ்டவுன்லேர்ந்து ஒரே நாள்ல போய் வரலாம்னு சொல்வாங்க, போறதுக்கே 290 கிலோமீட்டர், பெரியவங்க இருந்தா வேண்டாம், தே அனாவ்ல ரெண்டு ராத்திரி போடுங்க. பெட்ரோல் அங்கயே ரொப்பிடுங்க, அதுக்கப்புறம் போன் சிக்னலையும் நம்ப முடியாது, மேப்பை டவுன்லோடு பண்ணி வச்சுக்கங்க. டனல்கிட்ட கியா கிளி வண்டி ரப்பரைக் கொத்தும், பாக்க ஆசையா இருக்கும், ஆனா எதுவும் சாப்பிடப் போடாதீங்க. குடை வேஸ்ட், காத்துல நிக்காது, முழங்காலுக்குக் கீழ வர்ற ரெயின்கோட்டும் மாத்துறதுக்கு ஒரு ஜோடி சாக்ஸும் எடுத்துட்டுப் போங்க.