எடை போடாத குப்பையும் விமானம் ஏறிய பனியனும்: நான்கு வருடக் கார்பன் கணக்கு அனுபவம்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறவன் நான். 2021 கடைசியில் ஐரோப்பிய பையர் ஒருவர் ஒரு எக்செல் கோப்பை அனுப்பினார். சரக்குப் போக்குவரத்தாலும் கழிவாலும் உங்கள் கம்பெனி வெளியிடும் கார்பன் எவ்வளவு என்பது கேள்வி. "பில்லெல்லாம் உங்ககிட்டத்தானுங்க இருக்குது, நீங்களே பார்த்துருங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று தலையில் விழுந்த வேலை. இதுவரை நான்கு நிதியாண்டுக் கணக்கு முடித்துக் கொடுத்திருக்கிறேன். இதே கோப்பு இப்போது உங்கள் மேஜைக்கு வந்திருந்தால், நான் பட்டது உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம்.

முதலில் எது யார் கணக்கு என்பது தெரிய வேண்டும். உலகம் முழுக்கப் பெரும்பாலோர் பின்பற்றுவது ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற கார்பன் கணக்கு விதிமுறை. நம் தொழிலுக்காக மற்றவர்கள் வெளியிடும் கார்பனுக்கான அதன் ஸ்கோப் 3 தரநிலை 2011-இல் வந்தது, 15 வகைகள் உண்டு. நமக்கு வேண்டியவை மூன்று: நாம் காசு கொடுக்கும் போக்குவரத்து 4-ஆம் வகை, நம் தொழிற்சாலைக் கழிவு 5-ஆம் வகை, நாம் விற்ற பிறகு மற்றவர் காசில் போகும் போக்குவரத்து 9-ஆம் வகை. இங்கே பெரும்பாலான ஆர்டர் எஃப்.ஓ.பி.தான். துறைமுகம் வரை நம் செலவு, கப்பல் வாடகை பையர் செலவு. அதனால் தூத்துக்குடி வரை போகும் லாரி 4-இல் வரும், கப்பல் 9-இல் வரும். கம்பெனியின் சொந்த வண்டிக்குப் போடும் டீசல் இந்த இரண்டிலும் வராது, நாமே நேரடியாக எரிப்பதற்கான ஸ்கோப் 1-க்குப் போய்விடும். முதல் வருடம் இது தெரியாமல் சொந்த வேனை இரண்டு இடத்திலும் எழுதி வைத்திருந்தேன்.

முதல் வருடத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. எடையும் தூரமும் தேட நேரமில்லை என்று செலவு வழியில் போட்டேன். கட்டிய ஃபிரைட் (சரக்கு வாடகை) தொகையை எடுத்து, இத்தனை பணத்துக்கு இத்தனை கிலோ கார்பன் என்று பெருக்கும் முறை. அதற்கும் அனுமதி உண்டு. சீனாவிலிருந்து வரும் ஜிப், எலாஸ்டிக், பாலியஸ்டர் துணிக்கு நாங்கள்தான் கப்பல் வாடகை கட்டுகிறோம். 2021-இல் கன்டெய்னர் வாடகை எந்த உயரத்துக்குப் போனது என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வந்த சரக்கு முந்தைய வருடத்தைவிடக் குறைவு, கணக்கில் கார்பன் மட்டும் பல மடங்கு. வாடகை ஏறினால் கப்பல் கூடுதலாகவா புகை விடும்? அடுத்த வருடமே அந்த முறையைத் தூக்கிப் போட்டேன். வேறு வழியே இல்லாத சின்னச் செலவுகளுக்கு மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

சரியான வழி டன்-கிலோமீட்டர். எடையைத் தூரத்தால் பெருக்கி, அந்தந்த வண்டிக்கான காரணியால், அதாவது ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக அது விடும் கார்பன் அளவால், இன்னொரு தரம் பெருக்க வேண்டும். காரணிகளுக்கு நான் நம்பியிருப்பது பிரிட்டிஷ் அரசு வருடா வருடம் இலவசமாக வெளியிடும் அட்டவணை. வெளியிடும் துறை மாறிவிட்டாலும் பழக்கத்தில் எல்லோரும் டெஃப்ரா என்றே சொல்கிறோம். சுமாராகச் சொன்னால் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரிக்கு 0.1 கிலோ, கன்டெய்னர் கப்பலுக்கு 0.016 கிலோ, சிறிய வேனுக்கு 0.6 கிலோ, நீண்ட தூர விமானத்துக்கு 0.54 கிலோ. அவை இங்கிலாந்து லாரியின் சராசரிப் பாரத்தை வைத்துப் போட்ட எண்கள், நம் ஊர் லாரிக்கு அப்படியே பொருந்தாது. இந்தியச் சாலைப் போக்குவரத்துக்கென்று இந்தியா ஜி.எச்.ஜி. புரோக்ராம் 2015-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. பையர் பக்கம் ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நான் டெஃப்ராவிலேயே நின்றுவிட்டேன்.

பெருக்கல் அரை நாள் வேலை. மீதி இரண்டு மாதமும் சீட்டு தேடுவதுதான். இதில் எனக்குக் கைகொடுத்தது ஈ-வே பில், சரக்கு வண்டியில் கிளம்பும்போது ஜி.எஸ்.டி. தளத்தில் போடும் சீட்டு. 2018-லிருந்து ஒரு குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சரக்குக்குப் போட்டாக வேண்டியிருக்கிறது. அதில் வண்டி எண் இருக்கும், இரண்டு பின்கோடுக்கும் இடையிலான தூரமும் இருக்கும். வருடம் முழுவதையும் எக்செலாக இறக்கிவிட்டால் தூரத்துக்கான கட்டங்கள் நிரம்பிவிடும். எடை அதில் கிடைக்காது, ஏனென்றால் பனியனைப் பீஸ் கணக்கில்தான் எழுதுகிறோம். அதற்கு பேக்கிங் லிஸ்ட்டைத் தோண்ட வேண்டும்.

ஊருக்குள் ஓடும் சரக்கு வேறு மாதிரி. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி டையிங்குக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கு, எம்ப்ராய்டரிக்கு, திரும்பத் தையலுக்கு. ஒரே துணி ஊரை நாலு சுற்று சுற்றி வருகிறது, எல்லாம் குட்டியானையில். நம் தொழிலில் துணியைக் கிலோவில் பேசுவதால் ஒவ்வொரு டெலிவரி சலானிலும் எடை இருக்கிறது, தூரம்தான் இல்லை. பாதி நடை காலியாகத் திரும்புகிறது, அதையும் சேர்க்க வேண்டும் என்கிறது 2023-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14083 என்ற போக்குவரத்துக் கார்பன் கணக்குத் தரநிலை. டிரைவர்களிடம் கிலோமீட்டர் எழுதச் சொன்னேன், நான்காம் நாளே நோட்டைக் காணவில்லை. அப்புறம் வாடகை வண்டிக்காரர்கள் மூவரிடமும் பங்க் பில்லைக் கொடுத்தால்தான் மாத வாடகை என்று சொல்லிவிட்டோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. காலி நடை, சுற்றுவழி, டீக்கடை முன் ஓடிக்கொண்டே நிற்கும் இன்ஜின் எல்லாம் டீசலுக்குள் அடக்கம். வருடத்துக்கு 12 டன் சொச்சம் வருகிறது. டீசல் பில் கிடைக்கும் இடத்தில் டன்-கிலோமீட்டர் பக்கம் போகாதீர்கள்.

இனி விமானம். ஆர்டர் தாமதமானால் பையர் கப்பலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார், நம் காசில் விமானத்தில் அனுப்ப வேண்டும். நம் காசு என்றாலே 4-ஆம் வகை, அதாவது நம் கணக்கு. சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். ஒரு டன் பனியனை அங்கே பறக்கவிட்டால் 4.4 டன் கார்பன். வானத்தில் உயரத்தில் விடும் புகையின் கூடுதல் விளைவையும் சேர்க்கும் காரணியை எடுத்தால் ஏறத்தாழ இரு மடங்கு. எதை எடுத்தோம் என்று எழுதி வையுங்கள், அடுத்த வருடம் நீங்களே குழம்புவீர்கள். அதே ஒரு டன் சூயஸ் வழியாகக் கப்பலில் போனால் 0.2 டன் அளவுதான்.

2022-23-இல் நாங்கள் ஏற்றுமதி செய்த 600 டன்னில் விமானம் ஏறியது 14 டன். மீதிச் சரக்கு முழுவதும் தூத்துக்குடிக்கு லாரியில் போன வகையில் வருடம் முழுக்க 20 டன் கார்பன். அந்த 14 டன் பறந்ததில் மட்டும் 62 டன்! முதலில் நான் போட்ட எண் இதற்கும் மேலே இருந்தது. விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் இரண்டு எடை இருக்கும். பெட்டியின் கன அளவை வைத்து வாடகைக்காகப் போடும் எடை ஒன்று, உண்மையான மொத்த எடை இன்னொன்று. ஹூடி மாதிரி உப்பலான சரக்கில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். பணத்துக்கு எந்த எடையோ அதையே கார்பனுக்கும் எடுத்திருந்தேன், பையரின் ஆடிட்டர் பிடித்தார். கார்பனுக்கு உண்மை எடைதான்.

செங்கடல் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து அங்கே கப்பல்கள் மீது நடந்த தாக்குதலுக்குப் பயந்து பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்கு 6,000 கிலோமீட்டருக்கும் மேல் கூடுதல். என் எக்செல் மட்டும் பல மாதம் சூயஸ் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. தூரத்தை ஒரு தரம் தட்டிவிட்டு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்தால் இப்படித்தான். அந்தப் பக்கம் கப்பல் சேரப் பத்துப் பதினைந்து நாள் கூடியதால், இந்தப் பக்கம் தாமதமான ஆர்டர்கள் விமானத்துக்கு ஓடின. அந்த வருடம் எங்கள் விமானச் சரக்கு 19 டன்.

கழிவு எளிது என்று நினைத்துத்தான் இறங்கினேன். துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் ஒவ்வொரு கிலோவுக்கும் பில் உண்டு. வெள்ளை தனி, கலர் தனி, விலையும் தனி. வாங்கிப் போகும் வியாபாரி பிரித்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்கு அனுப்புகிறார், அங்கே பஞ்சாகப் பிய்த்து மறுபடி நூலாக்குகிறார்கள். கொஞ்சம் ஒர்க்‌ஷாப்புக்குத் துடைக்கும் துணியாகப் போகிறது. நூல் கோனும் அட்டைப் பெட்டியும் காயலான் கடைக்கு. கேன்டீன் மிச்சம் மாட்டுப் பண்ணைக்குப் போகிறது, அதற்கு அட்டவணையில் வரியே கிடையாது. டையிங் வெளியில் கொடுப்பதால் அந்தச் சேற்றுக் கழிவு நம் 5-ஆம் வகையில் வராது. ஜெனரேட்டரின் பழைய ஆயிலுக்கு, அபாயக் கழிவை அனுப்பும்போது போடும் படிவம் 10 இருக்கிறது.

சிக்கல் இதுதான்: காசு வருகிற கழிவுக்கு எடை உண்டு, காசு வராத குப்பைக்கு எடை கிடையாது. மறுசுழற்சிக்குப் போகும் ஒரு டன்னுக்கு 2023 அட்டவணைப்படி 21 கிலோதான், அதுவும் அங்கே கொண்டுபோகும் வண்டியின் புகைக்கு. ஆனால் குப்பைக் கிடங்கில் புதையும் ஒரு டன் துணிக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ, மட்கும்போது கிளம்பும் மீத்தேன்தான் காரணம். பைசா பிசகாமல் எடை போட்ட 90 டன்னுக்கு 1.9 டன் கார்பன். யாரும் எடை போடாத ஏழு டன் குப்பைக்கு 3.5 டன். அந்த "ஏழு" எங்கிருந்து வந்தது? முதல் இரண்டு வருடம் குத்துமதிப்புதான். பிறகு ஒரு பிளாட்ஃபார்ம் தராசு வாங்கிப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் எல்லா மூட்டையையும் எடை போட்டு, அதை வருடத்துக்கு விரிக்கிறோம். கூட்டுகிற அக்கா கேட்டார், "குப்பையைக்கூட நிறுக்கோணுமா கண்ணு? இதை யாரு வாங்கப் போறாங்க?" பையர் வாங்குகிறார் என்று சொன்னால் புரிந்திருக்குமா தெரியவில்லை, சிரித்துவிட்டு வந்தேன்.

2024 அட்டவணையில் அந்த 21 கிலோ 6 கிலோ சொச்சமாக இறங்கியது. நாங்கள் ஒரு துரும்பும் அசைக்கவில்லை, கட்டிங் வேஸ்ட்டின் கார்பன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. முதலாளி இதைச் சாதனையாகப் போடச் சொன்னார். பழைய வருடங்களையும் புதிய காரணியில் திரும்பப் போட்டுக் காட்டிய பிறகு விட்டுவிட்டார். வேஸ்ட்டை மறுசுழற்சிக்குக் கொடுப்பதால் மிச்சமாகும் கார்பனை நம் கணக்கில் கழிக்கலாமே என்றும் கேட்டார். கழிக்கக் கூடாது, வேண்டுமானால் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு வருடம் சந்தா கட்டி ஒரு மென்பொருளும் பார்த்தோம். படமெல்லாம் அழகு. காலியான கட்டங்களை அதுவே சராசரி போட்டு நிரப்பிக்கொள்ளும், எங்கே நிரப்பியது என்று மட்டும் காட்டாது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. தூரம் சரிபார்க்க எக்கோ டிரான்சிட் இணையக் கணிப்பானின் இலவசப் பக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

போன வருடத்திலிருந்து விமானச் சரக்குக் கோப்பில் ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன், தலைப்பு "ஏன்". 2024-25-இல் மொத்தம் 14 வரி. ஒன்பதில் ஷேடு ஒத்துவராமல் துணி திரும்ப டையிங் போனது, நான்கில் நாமே சாம்பிள் அப்ரூவலைத் தாமதித்தது, ஒன்றில் லேபிள் வரவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் லேப் டிப் (சாயம் போடும் முன் பார்க்கும் கலர் மாதிரி) அப்ரூவலுக்கு நாள் குறித்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். இந்த வருடம் இதுவரை மூன்று வரிதான். மூன்றாவது வரியில் "ஏன்" இன்னும் காலி. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் டையிங் மாஸ்டரைக் கை காட்டுகிறார், டையிங் மாஸ்டர் மெர்ச்சண்டைசரை.