பாடத்திட்டம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மெல்போர்னில் சுகாதார மேம்பாட்டு இளநிலைப் பட்டம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பாடப் பதிவுக்குத் திட்டம் வகுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் இணையவழி ஆலோசனை நிறுவனத்திடம் 680 டாலரைப் பறிகொடுத்துவிட்டு, அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளில் 24 பாடங்கள், பருவத்துக்கு நான்கு என்பது கணக்கு. சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது: எங்கள் படிப்பில் திட்ட வடிவமைப்புப் பாடத்தை முடிக்காமல் களப்பயிற்சிக்குப் போக முடியாது; நோய்ப்பரவலியலோ ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடக்கிறது. இதில் குழம்பியிருந்தபோதுதான் அந்த ஆலோசகர் காணொளி அழைப்பில் வந்தார். "சாப்பிட்டாச்சாம்மா?" என்று தொடங்கி, சுகாதார மேம்பாட்டுக்கு அடிப்படை ஆவணமான 1986 ஒட்டாவா சாசனத்தின் ஐந்து செயற்பாட்டுத் துறைகளையும் தமிழில் கடகடவென்று அவர் சொன்னபோது, இந்தப் படிப்பை அறிந்த ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நெஞ்சு நிறைந்து நம்பினேன். "நீ என் தங்கச்சி மாதிரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அழைப்பு முடிவதற்குள் 680 டாலர் அனுப்பிவிட்டேன். இரு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்ய அனுமதியுள்ள மாணவர் விசாவில், உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணம் அது.

வந்து சேர்ந்தது வண்ணம் தீட்டிய ஓர் அட்டவணை. அதன்படி பதிவு செய்தபோது நோய்ப்பரவலியல் இந்தப் பருவத்தில் இல்லவே இல்லை. திட்ட வடிவமைப்புக்கு எதிரே "முன்தேவை நிறைவேறவில்லை" என்று சிவப்பில் வந்தது; அதற்கு முன் படித்து முடிக்க வேண்டிய பாடத்தை நான் முடிக்கவில்லையாம். மாற்றுத் திட்டம் கேட்டதற்கு நான்கு பாடங்களையும் இணையவழியிலேயே போட்டுக் கொடுத்தார்கள். வெளிநாட்டு மாணவர் ஒரு கட்டாயப் பருவம் முழுவதையும் இணையவழியில் மட்டும் படிக்கக் கூடாது என்ற விதியைக்கூட அறியாதவர்களா ஆலோசகர்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "பல்கலைக்கழகத் தளத்தில் கோளாறு" என்றார்கள். பிறகு "மூத்த ஆலோசகர் அழைப்பார்" என்றார்கள். நான்கு நாள் காத்திருந்தும் யாரும் அழைக்கவில்லை. கடைசியில், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "தகவல் சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். தங்கச்சி என்றவர்தான் அதைச் செய்தார்.

பல்கலைக்கழகத்தின் பாட ஆலோசகர் இருபதே நிமிடத்தில், ஒரு காசு வாங்காமல், சரியான வரிசையை எழுதிக் கொடுத்தார். இருந்தும் களப்பயிற்சி ஒரு பருவம் தள்ளிப்போகலாம் என்கிறார். 680 டாலர் கொடுத்து நான் வாங்கியது அந்தத் தாமதத்தைத்தான்.

பணம் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முன்தேவையையும் அது நடக்கும் பருவத்தையும் பல்கலைக்கழகக் கையேட்டில் நீங்களே பாருங்கள். பாடத்தைக் கைவிடுவதென்றால் கட்டணம் உறுதியாகும் நாளுக்கு முன்பே கைவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் முதல் பருவத்துக்கு அது மார்ச் 31. நாளை காலை மறுபடி பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.